சோதனை வாயிலில் நாம்

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பது நம் முன்னோர் வாக்கு. கள்வர் நடமாடிய காட்டுவழியில் பணமுடிப்போடு சென்றவனை எண்ணிச் சொல்லப்பட்டது அது. நாளடைவில் பணத்தின் கனம் குற்றத்தின் கனமாக மாறிற்று. குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு என்ற பொருளில் இன்று அதை வழங்குகின்றோம். கேட்பதற்கு அழகான நீதிதான். ஆனால் அது முழு உண்மையா? குற்றமற்றவர்கள் அஞ்சுவதில்லையா? அவ்வாறு அஞ்சுகிறவர்கள் தம் அச்சத்தினாலேயே வேறொரு குற்றத்துக்கு ஆளாவதில்லையா?

இக்கேள்விகள் நூலகத்தில் அமர்ந்திருந்தபோது நமக்கு எழுந்தவை அல்ல. ஒரு விமானத்தைத் தவறவிட்ட நாளிலிருந்து அவை நம்மைத் தொடர்ந்து வருகின்றன. அன்று நம் மடியில் இருந்த கனமெல்லாம் ஓர் ஊறுகாய்ப் புட்டிதான்.

ஒரு புட்டியும் ஐந்து மணி நேரமும்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தில்லியில் மகனோடு வாழும் நம் தமக்கையாருக்கு இதய அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். "கத்தி படுறதுக்கு முன்னால நீ வந்து என் நெத்தியில ஒரு சிலுவை போட்டுடு, தம்பி" என்று தொலைபேசியில் கேட்டிருந்தார். இரயிலில் சென்றால் ஒன்றரை நாள் ஆகும் என்பதால் அவருடைய மகனே விமானச் சீட்டு எடுத்து அனுப்பினார். மாலை ஏழரை மணிக்கு விமானம். மறுநாள் காலை அறுவை சிகிச்சை.

நாம் அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள் அல்லர். பேருந்துக்கே ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று நிற்கும் இயல்பினர். எனவே பிற்பகல் இரண்டரை மணிக்கே சென்னை விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். அடையாள அட்டை இருக்கிறதா என்று வண்டியிலேயே நான்கு முறை பார்த்தோம். அட்டையில் உள்ள பெயருக்கும் சீட்டில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து மாறியிருக்குமோ என்று ஐந்தாம் முறையும் பார்த்தோம். பெரிய பெட்டியைக் கவுண்டரில் ஒப்படைத்தோம். கைப்பையோடு பாதுகாப்புச் சோதனைக்குச் செல்லும் வழியில் ஓர் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது.

சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம் அது. அந்நாட்களிலும் குடியரசு தினத்தை ஒட்டியும் விமான நிலையங்களில் சோதனை கடுமையாக இருக்கும். கைப்பையில் கொண்டு செல்லக் கூடாத பொருள்களின் வரிசையில் ஊறுகாய் என்ற சொல்லைக் கண்டதும் நமக்குக் கால்கள் ஓடவில்லை. தமக்கையார் ஆசையோடு கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் நம் கைப்பையில் இருந்தது.

இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நாமும் இப்போது அப்படித்தான் கேட்டுக்கொள்கின்றோம். ஆனால் அப்போது மனம் சென்ற வழி வேறு. சோதனையில் அதைக் கண்டுபிடித்தால் நம்மைத் தனியே நிறுத்துவார்கள், தெரிந்தே கொண்டுவந்தீரா என்று இந்தியில் கேட்பார்கள், பதில் தடுமாறினால் ஐயம் வலுக்கும், எல்லாரும் பார்ப்பார்கள். சரி, குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று எழுந்தோம். ஒருவர் எதையோ தொட்டியில் போட்டுவிட்டு விரைந்து செல்வதைக் கண்காணிப்புக் கருவி பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எண்ணி மீண்டும் அமர்ந்தோம். நாற்காலியில் வைத்துவிட்டுப் போகலாமா? கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைப் பற்றிய எச்சரிக்கை எதிர்ச் சுவரிலேயே இருந்தது. இப்படியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. இடையில் ஒரு மூதாட்டி வந்து ஏதோ கேட்டார். ஏதோ சொல்லி அனுப்பினோம்.

ஒருவாறு துணிந்து கவுண்டருக்குத் திரும்பிச் சென்று, பெரிய பெட்டியில் இதை வைக்க முடியுமா என்று வினவினோம். பெட்டி உள்ளே போய்விட்டது என்றார்கள். மீண்டும் நாற்காலி, மீண்டும் கணக்கு. கடைசியில் நாம் சோதனை வரிசையில் போய் நின்றபோது மாலை விமானங்களுக்கான கூட்டம் அனைத்தும் நமக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

நம் முறை வந்தது. கருவியில் பையைப் பார்த்த இளம் காவலர் புட்டியை எடுத்துக் காட்டினார். அவர் ஒரு கேள்வி கேட்பதற்குள் நாம் ஒன்பது பதில் சொன்னோம். தமக்கையார், இதயம், தில்லி, நார்த்தை மரம் எல்லாம் அதில் இருந்தன. அவருக்கு எதுவும் விளங்கவில்லை. "இது போகாது" என்பதைக் கையசைவால் உணர்த்தி, புட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நம்மைப் போகச் சொன்னார். அவ்வளவுதான். ஐந்து மணி நேரமாக நாம் அஞ்சிய நிகழ்ச்சி அரை நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

ஆனால் நம் பதற்றம் முடியவில்லை. சட்டைப்பையில் போர்டிங் பாஸைக் காணோம் என்று திரும்பி ஓடி, தட்டுகளையெல்லாம் தேடி, இறுதியில் அது செபப் புத்தகத்துக்குள் இருக்கக் கண்டு, வாயிலை அடைந்தபோது வாயில் மூடப்பட்டிருந்தது. விமானம் புறப்படும் நேரத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு முன்பே அதை மூடிவிடுவார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுப் பகுதியில் ஊழியர்கள் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். "உங்க பெட்டியைத்தான் சார் தேடி இறக்குறாங்க. நீங்க இல்லாம அது போகக் கூடாது" என்றார் வாயிலில் நின்ற பெண். பெட்டியை இறக்குவதற்கு நேரம் இருக்கிறது, நம்மை ஏற்றுவதற்கு நேரம் இல்லையா என்று நமக்குள் சினம் மூண்டது. நமக்காக அந்த விமானத்தில் சுமார் 180 பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை.

உரியவர் இல்லாத பெட்டி

அடுத்த விமானம் அதிகாலையில்தான். அந்த இரவில், இறக்கப்பட்ட பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை ஏன் இறக்கினார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். அந்த விதியின் வரலாறு நமக்கு அறவே தெரியாததன்று. அதை நம் வாழ்வோடு பொருத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, இதே மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று ஒருவர் பெட்டிகளை ஒப்படைத்திருந்தார். ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. நிலையத்திலேயே தங்கிப்போன அப்பெட்டிகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் இலங்கையர். விமானத்துக்காகக் காத்திருந்தவர்கள், நாம் அமர்ந்திருந்தது போலவே மடியில் பையோடு அமர்ந்திருந்தவர்கள்.

அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய துயரம் நேர்ந்தது. கனடாவிலிருந்து புறப்பட்ட கனிஷ்கா விமானம் 1985-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தனர். வான்கூவர் நகரில் ஒருவர் ஒப்படைத்த பெட்டியில் குண்டு இருந்தது. அவரும் விமானம் ஏறவில்லை. அவருடைய பயணச்சீட்டு உறுதி செய்யப்படாததால், பெட்டியை அடுத்த விமானத்துக்கு மாற்றி அனுப்ப இயலாது என்று கவுண்டரில் இருந்த பணியாளர் முதலில் மறுத்திருக்கிறார். அவரோ விடாமல் வற்புறுத்தினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. இறுதியில் பணியாளர் இணங்கிவிட்டார். டொரான்டோ விமான நிலையத்தில் பெட்டிகளை ஆராயும் எக்ஸ்ரே கருவியும் அன்று பழுதாகிவிட்டது.

பயணி இல்லாமல் அவர் பெட்டி பறக்கக் கூடாது என்ற விதி இத்தகைய இறப்புகளால் வலுப்பெற்றது. நம் நாட்டில் பல ஆண்டுக்காலம் பயணிகள் விமானத்தருகே இறங்கி நின்று, தத்தம் பெட்டியைத் தொட்டுக் காட்டிய பின்னரே அவை ஏற்றப்பட்டன. மூத்த வாசகர்கள் சிலருக்கு அது நினைவிருக்கலாம். இன்று அந்தக் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

விமான நிலையத்தில் நம்மைச் சலிப்புறச் செய்யும் விதிகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு நாள் உண்டு. 1999-ஆம் ஆண்டு திசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லி வந்த விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னரே, 2000-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2001 திசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்தை மறைத்து விமானம் ஏறினான். அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் பயணிகள் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த வழக்கத்தை அங்கே 2025-ஆம் ஆண்டில்தான் கைவிட்டார்கள். 2006 ஆகஸ்டில் திரவ வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி இலண்டனில் வெளிப்பட்டது. அன்றிலிருந்து தண்ணீர்ப் புட்டியும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. நம் நார்த்தங்காயும் ஒருவகையில் அந்த வரிசையில் வந்ததே.

அறியாதவருக்குத் தொல்லையாகத் தெரியும் விதி, அறிந்தவருக்கு ஒரு கல்லறை வாசகம் போல் தெரிகிறது. அன்றிரவு நம் சினம் அடங்கியது. அன்று நம் பெட்டியை இறக்கியவர்கள், முகம் தெரியாத 180 பேரின் உயிருக்குப் பொறுப்பேற்றவர்கள் என்பது விளங்கிற்று.

சோதிப்பது இழிவா?

அப்படியானால் சோதனையை முணுமுணுக்காமல் ஏற்பதுதான் அறமா? இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

நம் தமிழில் சோதனை என்ற சொல்லுக்குப் பொருள் பல. பையைத் துழாவுவதும் சோதனை. மாணவன் அறிவை அளப்பதும் சோதனை. துன்பம் வந்து வாட்டுவதும் சோதனை. தீமை வந்து ஈர்ப்பதும் சோதனை. நாள்தோறும் நாம் சொல்லும் செபத்தில் வருவது இந்தக் கடைசிப் பொருள். சொல் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, சோதிக்கப்படுவது என்றாலே குற்றம் சாட்டப்படுவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டும் வேறு. குற்றச்சாட்டு ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்து நிறுத்துகிறது. எல்லாருக்கும் பொதுவான சோதனையோ, வரிசையில் நிற்கும் அனைவரையும் ஒரே நிலையில் வைக்கிறது. விமானத்தை ஓட்டும் விமானியும் அதே வாயில் வழியாகத்தான் வருகிறார்.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய பின் அவரை ஐயுறுவதும் துன்பம் என்பது அதன் இறுதிக் குறளின் கருத்து. அரசன் தன் வினைக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிய அதிகாரம் அது. எனினும் சோதனை வாயிலுக்கும் அது பொருந்துகிறது. ஆராய்வது நம்பிக்கைக்கு எதிரி அன்று, நம்பிக்கைக்கு வாயில். அந்த வாயிலைக் கடந்து சென்றவர்கள் என்பதால்தான், அறிமுகமற்ற ஒருவர் தோளில் தலை சாய்ந்துவிடும் அளவுக்கு விமானத்தில் நாம் அமைதியாக உறங்குகின்றோம்.

ஆனால் குறளின் இரண்டாம் பாதியையும் மறக்கலாகாது. பெயரை வைத்தும், நிறத்தை வைத்தும், தாடியை வைத்தும், பேசும் மொழியை வைத்தும் சிலரை மட்டும் மீண்டும் மீண்டும் நிறுத்தினால், அங்கே சோதனை முடிந்து குற்றச்சாட்டு தொடங்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசுகிறவரிடம் "ப்ளீஸ்" என்றும், வளைகுடாவுக்கு முதன்முறையாக வேலைக்குச் செல்லும் இளைஞரிடம் "ஏய்" என்றும் சொல்லும் நாக்கு எந்த ஊரில் இருந்தாலும் அது காவலின் நாக்கு அன்று. பெண்களைத் திரைமறைவில் பெண்களே சோதிக்க வேண்டும் என்ற நம் நாட்டு முறையில் ஒரு மரியாதை இருக்கிறது. தேவைப்படுவது அந்த மரியாதையின் நீட்சிதான்: பையைப் பார்க்கும்போது பைக்கு உரியவரின் முகத்தையும் ஒரு முறை பார்ப்பது.

இங்கே இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற முறையில் நம் நாட்டு விதிப்படி அவர் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர். எனினும் 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில், தில்லியிலேயே, ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தினர் அவரை மற்றப் பயணிகளைப் போலவே சோதித்தனர். காலணியையும் கழற்ற வைத்தனர். செய்தி வெளிவந்தபோது நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்த பின்னரும் அவருடைய மேலங்கியையும் காலணியையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். நம் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது; அமெரிக்கத் தரப்பு வருத்தம் தெரிவித்தது.

அரசு எதிர்ப்புத் தெரிவித்ததும் சரி, அவர் பெரிதுபடுத்தாததும் சரி என்றே நாம் கருதுகின்றோம். மதிப்புக்குரிய ஒருவரை மீண்டும் ஐயுறுவதைத் தட்டிக்கேட்பது சமுதாயத்தின் கடமை. தம் மதிப்பு காலணியில் இல்லை என்று அறிந்திருப்பது தனிமனிதரின் பெருமை. தம்மைப் பற்றிய கவலை குறைந்தவரை எந்தச் சோதனையும் சிறுமைப்படுத்த முடிவதில்லை.

காலணிக்குள் ஒரு கல்

நம்மிடம் இல்லாதிருந்தது அதுதான். அன்று நம்மை யாரும் ஐயுறவில்லை; நாமே நம்மை ஐயுற்றோம்.

நம் அறநெறி நூல்களில் இதற்கு ஒரு பழைய இலத்தீன் பெயர் உண்டு: ஸ்க்ரூப்புலுஸ். கூரான சிறு கல் என்று அதற்குப் பொருள். காலணிக்குள் புகுந்துவிட்ட கல்லைப் போல, பாவமல்லாததைப் பாவமென்று எண்ணி ஓயாமல் உறுத்தும் மனச் சஞ்சலத்துக்கு அப்பெயரை இட்டார்கள். புனித இஞ்ஞாசியார் 1522-ஆம் ஆண்டில் மன்ரேசா நகரில் தங்கியிருந்தபோது இதனால் பெரிதும் அலைக்கழிக்கப்பட்டார். அறிக்கையிட்ட பாவங்களையே சரியாகச் சொன்னோமா என்று மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார். உயிரையே வெறுக்கும் நிலைக்கு வந்தார். அவரை வாட்டியது பாவம் அன்று. தன்னையே இடைவிடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை.

அச்சம் எல்லாமே தீயதா? அல்ல. புனித தோமா அக்குவினார் அச்சத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அச்சத்தின் வேர் அன்பு என்கிறார் அவர். எதை நேசிக்கின்றோமோ அதை இழந்துவிடுவோமோ என்றே அஞ்சுகின்றோம். அளவான அச்சம் செயலுக்குத் துணை என்றும் சொல்கிறார். அது நம்மைக் கவனமாகச் செயல்படச் செய்கிறது. பிறரிடம் ஆலோசனை கேட்க வைக்கிறது. அளவு மீறினால் அதுவே அறிவைக் குழப்பிச் செயலை முடக்கிவிடுகிறது.

குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தான் நாம். ஆயினும் அன்று நம் அச்சம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொள்ள மிக எளிய அளவுகோல் ஒன்று நம் கண்முன்னே இருந்தது. பத்தடி தொலைவில் ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, இந்த ஊறுகாயை என்ன செய்வது?" என்று ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதும். நம் அச்சம் நம்மைக் கேட்க வைக்கவில்லை, வாயைக் கட்டிப்போட்டது. அவர் நமக்கு ஒரு மனிதராகவே தோன்றவில்லை. ஓர் ஆபத்தாகத் தோன்றினார். நம்மைச் சோதிக்கிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை என்று குறைசொல்கின்றோம். அவருடைய முகத்தை நாம் பார்த்தோமா? இன்று கண்டால் நமக்கு அடையாளம் தெரியாது.

தவறவிட்டது எதை?

இனி, அந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்டாங்கிச் சேலை உடுத்தி, தோளில் ஒரு துணிப்பை தொங்க, கையில் போர்டிங் பாஸை இரு விரல்களால் பிடித்துக்கொண்டு அவர் நம் முன் வந்து நின்றார். அவ்வளவு பெரிய கூடத்தில் அவர் நம்மைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒருவேளை நம் தோற்றத்தில் ஊர்ச்சாயல் தெரிந்திருக்கலாம். "ஐயா, எந்த வாசல்னு இதுல போட்டிருக்கு? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார். நாம் அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அங்கே கேளுங்கம்மா" என்று ஒரு திசையைக் காட்டினோம். அந்தத் திசையில் யார் இருந்தார் என்று நமக்குத் தெரியாது. அவர் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு நாம் காட்டிய பக்கமே நடந்து போனார்.

கல்மனம் படைத்து நாம் அவரை விரட்டவில்லை; அஞ்சிக்கொண்டிருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்ற குருவைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கின்றோம். இரக்கமற்றவன் என்று அவனைக் கண்டித்திருக்கின்றோம். இப்போது தோன்றுகிறது: அவன் இரக்கமற்றவனாக இருந்திருக்க வேண்டியதில்லை; அஞ்சியவனாக இருந்திருந்தாலே போதும். அந்தச் சாலையில் கள்வர் இருந்தார்கள். அவன் மடியிலும் ஏதேனும் கனம் இருந்திருக்கும்.

விமானத்தைத் தவறவிட்டது குற்றம் அன்று, இழப்பு. அதற்கு அடுத்த விமானம் உண்டு. அந்த மூதாட்டியைத் தவறவிட்டதோ குற்றம். அவர் தம் விமானத்தைப் பிடித்தாரா, யாரைப் பார்க்கப் புறப்பட்டவர், எந்த வாயிலில் போய் நின்றார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. செய்த தீமைகளுக்கு மட்டுமன்றிச் செய்யத் தவறிய நன்மைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்க நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது பகுதியைச் சொல்லும்போதெல்லாம் இப்போது நமக்கு ஒரு கண்டாங்கிச் சேலை நினைவுக்கு வருகிறது.

ஆகவே முன்னோர் வாக்கைச் சற்றே நீட்டிச் சொல்லலாம் போலும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் வரும், மெய்தான். வழியில் பயம் மிகுந்தால் மடியைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதுவும் மெய். நம் அச்சம் நல்லதா தீயதா என்று அறிய வேண்டுமானால், அது நமக்கு யாரைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். அது பிறரைக் காட்டினால், அவர்களுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்று நம்மை விழிக்கச் செய்தால், அது முன்மதி. பிறரை மறைத்து நம்மை மட்டுமே காட்டினால், அது எவ்வளவு குற்றமற்ற காரணத்தால் பிறந்திருந்தாலும் ஒரு குற்றத்தின் தொடக்கம். சோதிக்கிறவருக்கும் சோதிக்கப்படுகிறவருக்கும் இந்த அளவுகோல் ஒன்றே.

தமக்கையாரின் அச்சம்

மறுநாள் நாம் தில்லி மருத்துவமனையை அடைந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நெற்றியில் சிலுவையிட அங்கே நெற்றி இல்லை. ஒரு மூடிய கதவு இருந்தது. மகன்தான் நமக்குப் பதிலாகச் சிலுவையிட்டு அனுப்பியதாகச் சொன்னார். அன்று முழுவதும் அந்தக் கதவின் முன் நாம் எதை எண்ணி அமர்ந்திருந்தோம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இறைவன் அருளால் அவர் நலம் பெற்றார். பேசும் நிலைக்கு வந்த மூன்றாம் நாள், நாம் தலைகுனிந்து நடந்ததையெல்லாம் சொன்னோம்; ஊறுகாய் உட்பட. அவர் சிரிக்க முயன்று, மார்பு வலிக்கவே நிறுத்திக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ வரலையேன்னு எனக்குப் பயமா இல்லை, தம்பி. சின்ன வயசுலேருந்தே நீ பயந்தவன். எங்கே தனியா பயந்துக்கிட்டு நிக்கிறியோன்னுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

இதயத்தைத் திறக்கப் போகிறார்கள் என்று அறிந்து படுத்திருந்தவர் அவர். அஞ்சுவதற்கு நம்மைவிட அவருக்கு ஆயிரம் மடங்கு காரணம் இருந்தது. அந்த நேரத்திலும் அவருடைய அச்சம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்பிலிருந்து அச்சம் பிறக்கிறது என்று தோமா அக்குவினார் எழுதியதைக் குருமடத்தில் படித்தோம்; அதன் பொருளை அந்தக் கட்டிலருகே கற்றோம்.

இதன் பின்னரும் சில முறை விமானப் பயணம் வாய்த்தது. அச்சம் நம்மை விட்டு நீங்கிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். இன்றும் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுகின்றோம். இன்றும் அடையாள அட்டையை நான்கு முறை பார்க்கின்றோம். ஆனால் ஐந்தாம் முறை பார்க்கக் கை போகும்போது, அட்டையை உள்ளே வைத்துவிட்டுச் சுற்றிலும் ஒரு முறை பார்க்கப் பழகிக்கொண்டிருக்கின்றோம். ஏதோ ஒரு சீட்டை இரு விரல்களால் பிடித்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல், யாராவது ஒருவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார்.